ஐந்தாம் இடம்: தூங்குகல்

பிப்ரவரி 11

புதிர் போட்டவருக்கு,

நீங்கள் ஐயாவா அம்மாவா என்று தெரியவில்லை. தாளில் ‘தபால்காரர்’ என்று மட்டும் இருக்கிறது. ‘துப்பு வேண்டுவோர் போனில் கேட்காமல் கடிதம் போடவும், எங்கள் தபால் ஆபீஸ் பிழைக்கட்டும்’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அதனால் கடிதம் போடுகிறேன். எனக்குத் துப்பு வேண்டாம்.

நான் சலவைக்கடை வைத்திருக்கிறேன். துணியை மெஷினில் போடும் முன் பைகளைத் துழாவிப் பார்ப்பது வழக்கம். சாவி கிடைக்கும், பேனா கிடைக்கும், ஒரு தடவை பல் செட்டே கிடைத்தது. போன வாரம், முழங்கால்வரை சேறு அப்பிய கால்சட்டை ஒன்றிலிருந்து உங்கள் புதிர்த்தாள் வந்தது. அந்த வாடிக்கையாளரைக் கேட்டேன். ஜியோகேச்சிங் என்றார். யாரோ ஒரு டப்பாவை எங்கோ ஒளித்து வைப்பார்களாம். போன் காட்டும் திசையில் போய்த் தேடுவார்களாம். கிடைத்ததும் உள்ளே இருக்கும் சீட்டில் பெயரெழுதிவிட்டு, டப்பாவைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவார்களாம்.

“எடுத்துட்டு வர மாட்டீங்களா?” என்றேன்.

“எடுத்தா அப்புறம் விளையாட்டு ஏது?” என்றார்.

பிழைப்பு அத்துப்போனவர்களுக்கு ஏற்ற விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே தாளைப் பிரித்தேன். பழைய மாவு ஆலை ஊர் ஒன்றின் கதையை ஏழு இடங்களாகப் பிரித்து, இடத்துக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள். விடைகளைச் சேர்த்தால் டப்பா இருக்கும் இடம் தெரியும். மதகு, எடைக் கொட்டகை, ஆலைத் தெரு என்று படிக்கப் படிக்கக் காலடியில் தண்ணீர் ஓடுவது போல் இருந்தது. அது நான் பிறந்த ஊர். சின்னப் பிள்ளையில் விட்டு வந்தது. கனவில்தான் போய் வருகிறேன். கனவில் அங்கே எல்லாமே வெள்ளையாக இருக்கும். கூரை, மரம், நாய், அம்மாவின் புருவம் எல்லாவற்றிலும் மாவு படிந்திருக்கும். யாரும் பேசமாட்டார்கள். சக்கரம் மட்டும் தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டிருக்கும்.

பிறகு ஐந்தாம் இடத்துக்கு வந்தேன். உங்கள் வரிகளையே எழுதுகிறேன். ‘ஆலைக்குக் கீழே, ஆற்றோரம் ஒரு தட்டைப் பாறை. பெயர் தூங்குகல். விடுமுறை நாள் மதியம் ஒன்றில் ஆலையின் காவலாளி இதில் படுத்துத் தூங்கிப்போனார். மேலே ஆலை எரிந்தது. ஊரின் பிழைப்பும் அன்றோடு போயிற்று. கல்லிலிருந்து தண்ணீர்வரை எத்தனை படிகள்?’

அந்தக் காவலாளி என் அப்பா. நீங்கள் நினைப்பது போல் கதையாகிப் போய்விடவில்லை. உயிரோடு, என் கடையில், மெஷின்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்தாம் இடத்தை எடுத்துவிடுங்கள். படிகளை எண்ணியே ஆகவேண்டும் என்றால் வேறெங்காவது போய் எண்ணச் சொல்லுங்கள்.

சலவைக்கடைக்காரி


பிப்ரவரி 20

சலவைக்கடைக்கார அம்மாவுக்கு,

நான் பெண்தான். ‘தபால்காரர்’ என்று கம்பீரமாகப் போட்டால் தபால் வரும் என்று ஒரு நப்பாசை. வந்த முதல் கடிதமே இப்படி அமைந்துவிட்டது.

உங்கள் மனத்தைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறேன். காவலாளியின் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் முன்கூட்டியே எழுதியிருப்பேன். ஆனால், எடுத்துவிடுங்கள் என்று ஒரே போடாகப் போடுகிறீர்களே, அது எப்படி முடியும்?

எங்கள் தபால் ஆபீஸ் இப்போது ஆலையின் எடைக் கொட்டகையில்தான் இருக்கிறது. என் தலைக்கு மேல் மூட்டை தொங்கவிட்ட கொக்கி இன்னும் ஆடுகிறது. மதகில் தண்ணீர் விழுகிறது, சக்கரம்தான் இல்லை. எரிந்து நின்ற நாலு சுவருக்குள் ஒரு மரம் வளர்ந்து, மேல்சன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்க்கிறது. காலையில் பனி அந்தச் சுவர்களுக்குள் மாவு மாதிரி தங்கி நிற்கும். வெயில் ஏறினால்தான் கலையும். இதையெல்லாம் பார்க்க வெளியூரிலிருந்து நாலு பேர் வரட்டும் என்றுதான் இந்தப் புதிரையே போட்டேன். வருகிறார்கள். மே மாதம் ஏழு இடங்களிலும் பலகை நடப் போகிறோம். பலகைகளை எழுதக் கொடுத்தாயிற்று.

கல்லுக்குப் பெயர் வைத்தது நான் இல்லை, ஊர். தீப்பிடித்தபோது நான் கைக்குழந்தை. பெரியவர்களைத்தான் கேட்டேன், எல்லோரும் ஒன்று போலவே சொல்கிறார்கள். விடுமுறை நாளில் ஆட்கள் மதியமே வீட்டுக்குப் போய்விடுவார்கள். தொட்டியில் மிச்சமிருக்கும் கோதுமை அரைந்து தீர்ந்ததும் காவலாளி மதகை அடைத்துச் சக்கரத்தை நிறுத்தவேண்டும். அன்றைக்கு நிறுத்தவில்லை. தானியம் தீர்ந்து அரவைக்கல்லோடு அரவைக்கல் உரசிப் பொறி பறந்தது, காற்றில் மிதந்த மாவுத்தூள் அப்படியே பற்றிக்கொண்டது. அரவைக்கல் கீச்சிட்ட சத்தத்தில் தெருவே மதியத் தூக்கம் கலைந்து ஓடிவந்தது. காவலாளியை மட்டும் காணோம். பிறகு ஆற்றுப் பக்கமிருந்து, மார்பளவு நனைந்துபோய் ஓடிவந்தார். “எங்கய்யா போன?” என்று கேட்டதற்கு, “கல்லுல படுத்தேன், தூங்கிட்டேன்” என்றார். விசாரணையிலும் அதையேதான் சொன்னார். தூக்கத்தில் உருண்டு ஆற்றில் விழுந்தார் என்பது இன்றுவரை ஊருக்குச் சிரிப்பு.

அவரே சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். என் அப்பா மாவு வண்டி ஓட்டியவர். அன்றோடு வேலை போய், செங்கல் சுமந்து சுமந்தே போய்ச்சேர்ந்தார். கோபம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

தபால்காரி


மார்ச் 3

தபால்காரிக்கு,

உங்கள் அப்பாவை நினைத்து வருத்தமாக இருக்கிறது. மனதாரச் சொல்கிறேன். அதற்காக என் அப்பாவின் மேல் பலகை நட விடமாட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அப்பா பகலில் என் கடையில் நன்றாகத் தூங்குவார். மெஷின்கள் உருள உருள வாய் திறந்து குறட்டை விடுவார். ஏதாவது ஒரு மெஷின் நின்றால் போதும், கண் திறந்துவிடும். “நின்னு போச்சு, பாரு” என்பார். ஒரு நாள் துணி போடாமலே ஒரு மெஷினை ஓடவிட்டுவிட்டேன். தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்தார். “வெறும் வயித்துல ஓடுது, நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார். இந்த மனிதர், தெருவே விழித்த சத்தத்தில், ஆலைக்கு நேர் கீழே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம்! உருண்டு விழுந்ததால் நனைந்தாராம்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்கிறீர்கள், ஊரே நம்பியிருக்கிறது.

அப்படியானால் இத்தனை வருடம் நீ ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பீர்கள். நானும் நம்பினேன். அதுதான் என்னைத் தின்கிறது. எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் அந்தக் கல்லில் போய்த்தான் முடியும். பால் பொங்கி வழிந்தால்கூட அம்மா, “தூங்குமூஞ்சிக்கு வாக்கப்பட்டவ வேற எப்படி இருப்பா” என்பாள். அப்பா ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. கடைசி நாட்களில் அம்மா அவருக்கு முதுகைக் காட்டியே படுத்திருந்தாள். அப்படியே போய்விட்டாள். உங்கள் தாளைப் பார்த்த பிறகுதான், வேற்றாள் வாயிலிருந்து கேட்கும்போதுதான், இது பொய்யாக இருக்குமோ என்று உறைத்தது.

அவரிடமே கேட்டேன். “தூங்கினேன்னு அன்னைக்கே சொல்லியாச்சு. விடும்மா” என்றார். பிறகு, “கல்லு இன்னும் இருக்காமா?” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது.

எனக்கு ஒரு மணி நினைவிருக்கிறது. தொட்டி காலியாகும்போது தானாக அடிக்கும். அதைக் கேட்டதும் அப்பா மதகுக்கு ஓடுவார், நானும் பின்னால் ஓடுவேன். நீங்கள் எழுதியதில் அந்த மணியே இல்லையே? அன்றைக்கு அது ஏன் அடிக்கவில்லை? ஊரெல்லாம் கேட்டீர்களே, இதையும் கேளுங்கள். அவர் தூங்கினாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். தூங்கினார் என்றால் நானே வந்து பலகையைத் துடைத்து வைக்கிறேன்.

சலவைக்கடைக்காரி


மார்ச் 22

அம்மா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எதை எழுதுவது என்றே தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில், இந்த அம்மா வக்கீல் ஆகியிருக்கவேண்டியவர் என்று நினைத்தேன். ஆனாலும் அரித்துக்கொண்டே இருந்தது. விடுமுறை நாள் மதியம் ஒன்றில் நானே போய் அந்தக் கல்லில் படுத்தேன். வெயிலில் கல் இளஞ்சூடாக இருந்தது. மேலே இலைகள், இலைகளுக்கு மேலே வானம், காதருகே ஆறு. கொஞ்ச நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்து, கல்லோடு சேர்ந்து மிதந்து போவது போல் இருந்தது. இப்படி ஒரு இடத்தில் யார் படுத்தாலும் தூங்கிவிடுவார்கள், அந்த மனிதர் மேல் என்ன தப்பு என்றுகூடத் தோன்றியது.

ஆனால் தூங்க முடியவில்லை. எல்லாம் கேட்கிறது! ஆறு பள்ளத்தில் ஓடுவதால் மேலே எழும் சத்தமெல்லாம் அந்தக் கல்லில்தான் வந்து விழுகிறது. தெருக்கோடியில் யாரோ இருமுவது கேட்டது. யார் வீட்டிலோ கரண்டி விழுந்தது. ஆலைச் சுவருக்குள் மரத்திலிருந்து ஒரு பழம் விழுந்தது, அது கேட்டது. அரவைக்கல் கீச்சிட்டால் அந்தக் கல்லில் பிணமே எழுந்து உட்கார்ந்துவிடும்.

நீங்கள் சொன்னது சரி. அவர் அங்கே தூங்கவில்லை.

மணியைப் பற்றியும் கேட்டேன். எல்லோருக்கும் மணி நினைவிருக்கிறது, அன்றைக்கு அடித்ததா என்பது நினைவில்லை. சல்லடைப் பிரிவில் வேலை பார்த்த பெரியவர் மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, “அன்னைக்கு என்ன, அந்த வாரம் பூராவே மணிச் சத்தம் இல்லையேம்மா” என்றார். வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. என் அம்மா சண்டை போடுவாள், சாபம் விடுவாள். இப்படி வாயடைத்துப்போய் நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் பலகையை எழுதவேண்டாம் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தபால்காரி


ஏப்ரல் 1

உங்கள் அம்மா கதவைத் திறந்தார்களா?

நேற்று மறுபடியும் அந்தக் கனவு. இந்தத் தடவை மணியும் இருந்தது. நாக்கு ஆடுகிறது, சத்தம் வரவில்லை. அப்பா மதகின் மேல் நின்று எனக்கு ஏதோ சொல்கிறார், அதுவும் கேட்கவில்லை. விழித்த பிறகும் காதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நல்லதோ கெட்டதோ, எழுதிவிடுங்கள்.

சலவைக்கடைக்காரி


ஏப்ரல் 9

அக்கா,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மா சொல்லிவிட்டாள். நாலைந்து நாளாகத் துண்டு துண்டாகச் சொன்னாள். நடுநடுவே எழுந்து போய்விடுவாள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சொல்வாள். நான் கோர்த்து எழுதுகிறேன்.

பிறந்ததிலிருந்தே எனக்கு மூச்சிரைப்பு. மாவுத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீடு ஆலைச் சுவரை ஒட்டிய முதல் வீடு. அரும்பாடுபட்டுத் தூங்கவைத்தால், மணி அடித்ததும் அலறி விழித்து, அழுது, நீலம் பாரித்துவிடுவேனாம். அப்பா மாவு வண்டியோடு வெளியூரில். ஒரு நாள் அம்மா உங்கள் அப்பாவிடம் போய், “அண்ணே, அந்த மணியை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்துங்க, பிள்ளை பொழைக்கட்டும்” என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார். என் தொட்டில் துணியில் கிழித்ததாம். மணி இல்லாததால், ஒவ்வொரு தடவையும் தானே மேலே ஏறித் தொட்டியை எட்டிப் பார்த்து மதகை அடைத்திருக்கிறார். அந்த வாரம் பூராவும் அப்படித்தான்.

அந்த மதியம் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று கதறியிருக்கிறாள். ஆலை இரைச்சலில் தூங்கிப் பழகிய தெரு எழுந்திருக்கவில்லை. விழித்திருந்தவர் உங்கள் அப்பா ஒருவர்தான். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில். பாலம் வழியாகச் சுற்றிப்போக நேரமில்லை. “நீ பாலத்துல வாம்மா” என்று சொல்லிவிட்டு, என்னை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அந்தக் கல்லிலிருந்து ஆற்றில் இறங்கிவிட்டார். நர்ஸ் கையில் கொடுத்ததும்தான் தொட்டி நினைவு வந்திருக்கவேண்டும். அம்மா பாலத்தைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் புகை மட்டும் தெரிந்ததாம்.

நாங்கள் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். திரும்பி வந்தபோது நீங்கள் ஊரைவிட்டே போயிருந்தீர்கள். வேலை போன தெரு, காவலாளியைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தது. “வாயைத் திறந்திருந்தா, ஆலையைத் தின்ன பிள்ளைன்னு உன்னைச் சொல்லியிருப்பாங்கடி. அந்தப் பேரோட நீ எப்படி வளர்ந்திருப்ப?” என்கிறாள் அம்மா. அவர் ஏன் தூங்கினேன் என்று சொன்னார் என்பது அவளுக்கு அன்றைக்கே புரிந்திருக்கிறது. என் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

நான் இந்த ஊரின் கதையை ஆசை ஆசையாகச் சேர்த்தேன், அக்கா. அதில் ஒரு மனிதரைப் பார்த்து ஊரோடு சேர்ந்து சிரித்தேன். அவர் கைகளில் இருந்ததே நான்தான் என்று இப்போது தெரிகிறது. எழுதும்போது கை கூசுகிறது.

ஐந்தாம் இடத்துக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன். ‘மூச்சு நின்ற ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலையின் காவலாளி இந்த இடத்தில் ஆற்றில் இறங்கினார். அவர் திரும்பி வருவதற்குள் ஆலை எரிந்துவிட்டது. தூங்கிவிட்டேன் என்றார். தூங்கவில்லை.’ பலகை நடும் அன்று அதன் பக்கத்தில் நின்று ஊருக்கு முன்னால் தானே சொல்வதாக அம்மா சொல்கிறாள். ஆனால் இது உங்கள் அப்பாவுடையது. அவர் சம்மதிக்காமல் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன்.

தபால்காரி


ஏப்ரல் 18

தங்கச்சிக்கு,

கூப்பிடு. ஆனால் முதலில் திட்டிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது, நீ பிறந்ததற்கு. பிறகு உன் அம்மாவின் மேல். உனக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக்கூடாது என்று அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் தினமும் மூன்று வேளை சோற்றோடு சேர்த்துத் தின்றோம். என் அம்மா தெரியாமலே போய்விட்டாள். இதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாது, என்னாலும் மன்னிக்க முடியுமா என்று இப்போது தெரியவில்லை. அன்று கடையைப் பாதியில் அடைத்துவிட்டுப் பின்னறையில், துவைக்காத துணிக் குவியலின் மேல் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துப் பார்த்தால் மனம் லேசாகத்தான் இருந்தது. அவர் தூங்கவில்லை. நான் கேட்டது அதுதானே.

மறுநாள் சாயங்காலம் கடிதத்தில் இருந்ததை அப்பாவுக்குச் சொன்னேன்; எழுதியது யார் என்பதைக் கடைசியில் சொல்லலாம் என்று, ‘நான்’ என்று நீ எழுதிய இடத்திலெல்லாம் ‘அந்தக் குழந்தை’ என்றேன். மூச்சிரைப்பு, மணி, தொட்டில் துணி என்று சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா யாருகிட்டயும் சொல்லல?” என்றேன்.

“சொன்னா ஊர் அந்தக் குழந்தையைத்தான் கரிக்கும். இருக்கோ இல்லையோன்னே தெரியாத குழந்தை.”

“அம்மாகிட்டயாவது?”

“உங்கம்மா வாயில எது நிக்கும்?” என்றார். அப்புறம் தானாகவே, “சொல்லியிருக்கலாம். அவகிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்” என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நர்ஸம்மா கையில குடுக்கும்போது உதடெல்லாம் நீலமா இருந்துச்சு. அசைவே இல்ல. திரும்பிப் பார்க்காம ஓடி வந்துட்டேன். அதுக்கப்புறம் யாரைக் கேக்குறது? கேட்டா எல்லாம் வெளிய வந்துரும். ஏம்மா, அது என்ன ஆச்சுன்னு அதுல எழுதியிருக்கா?”

இத்தனை வருடமும் அவருக்கு அது தெரியாது. நீ இருக்கிறாயா இல்லையா என்பதே தெரியாமல்தான் அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

“இந்த லெட்டரை எழுதினதே அதுதான்ப்பா” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். “புதிர் போட்டாளே, ஆலை எரிய எரியக் கல்லுல படுத்துத் தூங்கினேன்னு உன்னை எழுதினாளே ஒருத்தி. அவதான் அந்தக் குழந்தை.”

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, துணி வாங்க வந்த வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். “என்னையே குத்தம் சொல்ற அளவுக்கு வளர்ந்துட்டாளா!” என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார். “பாரேன், என்னையே குத்தம் சொல்ற அளவுக்கு!”

பலகையில் எதுவும் வேண்டாம் என்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பேச்சைக் கேட்கப் போவதில்லை. நீ எழுதியதை அப்படியே எழுது. உன் அம்மா பேசட்டும். நாங்கள் வருவோமா என்று இப்போது சொல்லமாட்டேன். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவேண்டும்.

அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். இதை எப்போது முடிப்பேன் என்று பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறக்காமல் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார், எழுதியாயிற்றா என்று அதற்குள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். இப்போது உனக்கு மூச்சு எப்படி இருக்கிறது? நன்றாக இழுத்து விட முடிகிறதா? உடனே பதில் போடு.

அக்கா